கொழும்புப் புல்தரையில் ஒரு குலவை

என் தம்பி செல்வம் புல்தரையில் பந்தடித்துப் பிழைக்கிறவன். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றுவரை ஒருவரும் நம்புவதில்லை. தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, குவித்து வைத்த நிலக்கரி இருக்கிறது. கோல்ஃப் ஆடுகிற அளவுக்குப் புல் எங்கே இருக்கிறது? "அது பணக்காரக வெளயாட்டுல்லா, ஓம் தம்பி அங்கன என்ன வேல பாக்கான்?" என்றுதான் கேட்பார்கள். விளையாடுவதே அவன் வேலை என்று சொன்னால், பாவம், தம்பி மேல் இவளுக்குப் பாசம் என்று விட்டுவிடுவார்கள்.

நாங்கள் அவனைப் பெங்களூருக்கு அனுப்பியது மாமாவின் மளிகைக் கடையில் நிற்பதற்கு. கடைக்கு எதிரே ஒரு கோல்ஃப் கிளப். அங்கே ஆட்டக்காரர்களுக்குப் பை சுமக்கிறவர்கள் கடைக்கு வந்து டீயும் பன்னும் சாப்பிடுவார்கள். இவன் பன் கொண்டுபோய்க் கொடுக்கப் போனான், பிறகு பை சுமக்கப் போனான், பிறகு எவரோ தூக்கிப் போட்ட பழைய மட்டையை எடுத்து அடிக்கப் போனான். "ஏளா, பய கல்லாவுல நிக்கமாட்டங்கான், புல்லுக்குள்ளயே கெடக்கான்" என்று மாமா போனில் புலம்பியது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது அவன் ஆசியா முழுக்கச் சுற்றி நடக்கிற போட்டித் தொடரில் ஆடுகிறான். ஒரு வாரம் தாய்லாந்து, மறு வாரம் தைவான், அதற்கு அடுத்த வாரம் எனக்குப் பெயர் வாயில் நுழையாத ஓர் ஊர். எங்கள் ஊருக்கு மட்டும் அந்தத் தொடர் வராது.

என் மகள் கனிக்கு ஐந்து வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒற்றைப்படை வயதில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவளுக்கு ஒரு வயதாகும்போது மாமன் டாக்காவில் இருந்தான். மூன்று வயதில் வியட்நாமில். இதையும் விட்டால் ஏழுதான். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கம்மலை ஆட்டிக்கொண்டு போக, இவள் வெறுங்காதோடு வந்து "மாமா எப்பம் வருவாவ?" என்று கேட்பாள். நான் உலக வரைபடத்தையா காட்ட முடியும்?

அப்படி இருக்கும்போதுதான் அவன் போன் செய்தான். "அக்கா, அடுத்த வாரம் ஆட்டம் கொழும்புல. ஒனக்கு நேர் எதுத்தாப்புலதான் இருப்பேன்."

நாலு வருடத்தில் அவன் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே கிடையாது. நான் அன்றைக்கே ஜோசியரைப் பார்த்து, அந்த வார ஞாயிற்றுக்கிழமைக்குக் காதுகுத்து என்று முடிவு செய்துவிட்டேன். ஆறுமுகநேரிப் பக்கம் இருக்கிற குலசாமி கோயிலுக்கும் சொல்லியாகிவிட்டது. துறைமுகச் சாலையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற எங்கள் கடையின் கல்லாவை என்னிடம் விட்டிருக்கிற என் கணவர், "நீ வெளயாட்டுப் பாக்கப் போறியா, ஆளப் பிடிக்கப் போறியா?" என்று கேட்டார். ஆளைப் பிடிக்கத்தான் என்றேன்.

என் மாமியார் மட்டும் வாசல்வரை வந்து ஒரு வார்த்தை சொன்னார். "அவனுக்கு வரமுடியலன்னா மல்லுக்கு நிக்காத. அவன் பொழங்குன துணி ஒண்ணு வாங்கிட்டு வா. ஓம் மடியில விரிச்சு, அதுமேல பிள்ளைய உக்கார வச்சிருவோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தம்பி கல்லு மாதிரி இருக்காம் அத்தை. துணி எதுக்கு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையில் விமானம் ஏறி உட்கார்ந்து, சேலை மடிப்பைச் சரிசெய்து நிமிர்வதற்குள் கொழும்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து மதுரை போன நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு பக்கத்தில் ஒரு வெளிநாட்டை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வயதுவரை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று இருந்தது. விமான நிலையத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் கோல்ஃப் என்றேன். அவர் என் கண்டாங்கிச் சேலையையும், கருப்பட்டி மணக்கிற பையையும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை கேட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் பவானி அக்கா என்ற யாழ்ப்பாணத்து அம்மாளின் வீட்டு மாடியில் அறை. "வாங்கோ, களைச்சுப் போயிருப்பீங்கள்" என்று பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெயரையே கேட்டார். தூத்துக்குடி என்றதும், "எங்களுக்கு உப்புத் தட்டுப்பாடு வந்த நேரம் உங்கட பக்கத்து உப்புத்தான் கப்பலில வந்தது எண்டு சொன்னவை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னவோ நானே உப்பளத்தில் இறங்கி வாரி அனுப்பியதுபோல, "ஆமா, எங்க உப்புக்கு ருசி சாஸ்தி" என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் இடியப்பமும் சொதியும் வைத்தார். எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பாசிப்பருப்பும் காய்கறியும் கெட்டித் தேங்காய்ப் பாலும் சேர்ந்து, இலையில் ஊற்றினால் ஓடாமல் நிற்கும். இவர்களுடைய சொதி மஞ்சள் நிறத்தில் தண்ணீராக இருந்தது. இதுவா சொதி என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டே ஊற்றிக்கொண்டவள், மூன்றாவது தடவை நானே கரண்டியை எடுத்தேன். தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த இடிசம்பலின் உறைப்பு காதுவரை ஏறியது.

சாயங்காலம் செல்வம் வந்தான். நாலு வருடம் போனில் பார்த்த முகம்தான், ஆனாலும் வாசலில் நிற்கிறவன் வேறு யாரோ போலத் தெரிந்தான். கழுத்துக்கு மேலே கன்னங்கரேல் என்று இருந்தான். சட்டைக் காலருக்குள் மட்டும் பழைய நிறம் ஒளிந்திருந்தது. "என்னலே இப்படிக் கருவாடா காஞ்சிருக்க?" என்று கேட்டுவிட்டு அவன் கன்னத்தைத் தடவினேன். "ஒன்ன மாதிரி நெழல்ல கல்லாவுலயா இருக்கேன்?" என்றான். அப்புறம் இரண்டு பேருமே அழுதுவிட்டோம். பவானி அக்கா நாசூக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

கடற்கரைக்கு நடந்தோம். அங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் தண்டவாளம் போகிறது. ஜனங்கள் அதைத் தாண்டிப் போய்ப் பாறையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுந்து வரும். இங்கே கடலுக்குள் போய் இறங்குகிறது. அதைப் பார்க்க என்னவோ எல்லாம் தலைகீழாக இருந்தது. ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. நான் நேரே கையைக் காட்டினேன். அவன் என் கையைப் பிடித்து வலது பக்கமாகத் திருப்பி, "அங்கன. நான் வந்தன்னைக்கே பாத்து வச்சிட்டேன்" என்றான்.

நான் காதுகுத்து விஷயத்தை எடுத்தேன். "ஞாயித்துக்கெழமை. நாள் பாத்தாச்சு, ஆட்டுக்குச் சொல்லியாச்சு. ஒன் ஆட்டம் வெள்ளியோட முடிஞ்சிருமே, சனிக்கெழமை என்கூடவே கெளம்பு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "வெள்ளியோட முடியும்னு யாருக்கா சொன்னா?"

"நீதாம்ல சொல்லுவ. ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கெழம சாயங்காலம் போன் பண்ணி, முடிஞ்சு போச்சுக்காம்பியே."

அப்போதுதான் விவரத்தைச் சொன்னான். ஆட்டம் வியாழனில் தொடங்கி ஞாயிறுவரை நாலு நாள். முதல் இரண்டு நாள் எல்லாரும் ஆடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களை வெட்டிவிடுவார்கள். அதற்குக் 'கட்' என்று பெயர். மிச்சம் இருக்கிறவர்கள்தான் சனியும் ஞாயிறும் ஆடுவார்கள். அவன் வெள்ளிக்கிழமை போன் செய்த வாரமெல்லாம் வெட்டுப்பட்டுப் போன வாரங்கள். அவன் தோற்றுப்போய்ப் பேசின நாளையெல்லாம், நான் ஆட்டம் முடிந்த நாள் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கதை அளந்திருக்கிறேன்.

"இந்த வாரம் வெட்டுப்பட்டா ஒன்கூட வாரேன். தப்பிச்சேன்னா வரமுடியாதுக்கா" என்றான். "இங்கயும் போச்சுன்னா அடுத்த வருசம் இந்தத் தொடர்ல எனக்கு எடம் கெடையாது. மறுபடியும் மொதல்ல இருந்து தகுதிப் போட்டி. இல்லன்னா மாமா கடை."

ஒரு கருப்பட்டி மிட்டாயை எடுத்து அவன் வாயில் வைத்தேன். "எல்லா ஊர்லயும் ஒரே புல்லுதாங்க்கா. காலையில எந்திரிச்சா எந்த நாட்டுல இருக்கோம்னே தெரியாது. சாப்பாட்டப் பாத்துத்தான் கண்டுபிடிப்பேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அன்றைக்குப் படுக்கப் போகும்போது நான் திருச்செந்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அடிக்காதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்: முருகா, என் தம்பி வெள்ளிக்கிழமை தோற்றுப்போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் போனேன். கொழும்பு பஸ் நிற்காது. நிற்பதுபோல ஒரு பாவனை காட்டும், அதற்குள் ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கிக்கொள்ள வேண்டும். நான் இறங்குவதற்குக் காலைத் தூக்குவதற்குள் அது அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டது. நடத்துனர் சிங்களத்தில் ஓட்டுநரிடம் என்னவோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தமிழில் எனக்குச் சொன்னாள்: "அம்மாவுக்குச் சேலை நீளம், இறங்க நேரம் எடுக்கும், பிரேக்கை நல்லா மிதி என்று சொல்றார்." நன்றாக மிதித்தார்கள்.

மைதானம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. உள்ளே போனதும் எனக்குக் கண் கூசியது. உப்பின் வெள்ளையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவ்வளவு பச்சை ஆகாது போலிருக்கிறது. ஒரு அதிசயம், அந்த மைதானத்துக்குள்ளேயே ரயில் தண்டவாளம் போகிறது. செல்வத்துக்குப் பை சுமந்த கொழும்புக்காரர் ரவி என்னைக் கூடவே நடத்திக் கூட்டிப்போனார். ரயில் சத்தம் கேட்டதும் மட்டையை ஓங்கிய ஆட்டக்காரர் இறக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கோச்சி போகும் மட்டும் அடிக்க ஏலாது அக்கா" என்றார் ரவி. ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள்.

ஆட்டம் எனக்கு மெதுமெதுவாகப் பிடிபட்டது. குறைவாக அடித்தவன்தான் ஜெயிப்பான். இன்னொருவர் பந்து புதருக்குள் போனபோது ஆளாளுக்குத் தேடினார்கள். மூன்று நிமிஷத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு, திரும்பிப் போய்த் தண்டனையோடு மறுபடி அடிக்க வேண்டும் என்று ரவி சொன்னார். யார் பந்து என்று எப்படித் தெரியும் என்றேன். ஒவ்வொருவரும் பந்தில் பேனாவால் ஓர் அடையாளம் போடுவார்களாம். செல்வம் 'அ' என்று எழுதுவானாம். "இந்தத் தொடர்ல வேற எவனும் தமிழ்ல போடமாட்டான்" என்று அவனே ஒரு தடவை போனில் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு குழியில் பந்து ரொம்பத் தூரத்தில் கிடந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. செல்வம் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, மெல்லத் தட்டினான். அது உருண்டது, வளைந்தது, நின்றுவிடும் போல இருந்தது, சட்டென்று குழிக்குள் விழுந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்; ஆனால் என் நாக்குக்கு அது தெரியவில்லை. நல்லது நடந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன செய்வோமோ அதைச் செய்துவிட்டேன். கையை வாயருகில் வைத்து நீளமாக ஒரு குலவை போட்டேன்.

அடுத்த குழியில் அடிக்க ஓங்கிய ஒரு வெள்ளைக்காரர் பந்தைத் தண்ணீருக்குள் அடித்தார். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்தன. 'அமைதி' என்று பலகை பிடித்திருந்த ஒரு தொண்டர் எங்கே தீப்பிடித்தது என்பதுபோல ஓடிவந்தார். செல்வம் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்; அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அதிகாரி ஒருவர் வந்து, இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டால் வெளியே போகவேண்டியதுதான் என்று ரவியிடம் சொல்லிவிட்டுப் போனார். "என்ன சத்தம் அக்கா அது?" என்று ரவி கேட்டார். சந்தோஷச் சத்தம் என்றேன். "எங்கட தேயிலைத் தோட்டத்து ஆக்கள் கோயில்ல போடுவாங்க. இங்கே போட ஏலாது" என்றார் பாவம்.

சாயங்காலம் செல்வம் மீன் அடைத்த பன் வாங்கிக் கொடுத்தான். "நாளைக்கு நீ கூடவே நடக்காதக்கா. கடைசிக் குழிக்குப் போற வழியில, எடது பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிக்கி, அதுக்கு அடியில போயி இருந்துக்கோ" என்றான்.

"நான் சத்தம் போடமாட்டம்லே."

"சத்தம் இல்லக்கா. ஒன் மொகத்தப் பாத்தா எனக்குக் கனி ஞாபகம் வந்துருது. கை நடுங்குது."

வெள்ளிக்கிழமை நான் அந்த மரத்தடியில் தனியாக நின்றேன். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. என் காலைச் சுற்றிப் புல் கணுக்கால் உயரம். தூரத்தில் அவன் குழுவினர் வருவது தெரிந்தது. ரவி முன்னால் ஓடிவந்து, மூச்சு வாங்க, விரலைக் காட்டிச் சொன்னார்: "இந்தக் கடைசிக் குழியை நாலு அடியில முடிச்சா தப்பினார். அஞ்செண்டா வெட்டுத்தான்." சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார்.

ஒரே ஓர் அடி. அதில்தான் என் பிள்ளையின் காதுகுத்தும், அவனுடைய அடுத்த வருடமும் இருந்தன.

செல்வம் முதல் அடியை ஓங்கி அடித்தான். பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. எனக்குப் பின்னால் இருந்த மரத்தில் டொக்கென்று பட்டது. தொண்டர்கள் எல்லாரும் அது வலது பக்கம் வாய்க்காலை நோக்கித் தெறித்துவிட்டது என்று நினைத்து அங்கே ஓடினார்கள். நான் கீழே பார்த்தேன். என் செருப்புக்கு முன்னால், ஈரப் புல்லுக்குள் ஒரு வெள்ளைப் பந்து இருந்தது. குனிந்தேன். 'அ' என்று எழுதியிருந்தது.

முருகன் என் வேண்டுதலைக் கொண்டுவந்து காலடியிலேயே போட்டுவிட்டான். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தொடக்கூட வேண்டாம். சும்மா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். என்னை வாயை மூடிக்கொண்டு நிற்கத்தானே அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள்! நாளைக்கு இவன் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவான். ஞாயிற்றுக்கிழமை கனி அவன் மடியில் உட்கார்ந்து அழுவாள். நான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாய்க்கால் ஓரத்தில் தேடுகிறவர்களை அப்போதுதான் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் குனிந்து, மட்டையால் புல்லை விலக்கித் தேடினார்கள். செல்வம் மட்டும் முழங்காலில் இருந்தான். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. இரண்டு கையாலும் சேற்றையும் புல்லையும் அளைந்து அளைந்து தேடினான். ஒரு தடவை தலையைத் தூக்கிக் கடிகாரம் வைத்திருந்தவரைப் பார்த்தான். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இத்தனை வருடமும் போனில் அவன் எனக்குக் காட்டாமல் வைத்திருந்த முகம் அது.

"ஏலே செல்வம்! இங்கன கெடக்குலே! இங்கன, எங் காலுக்குள்ள கெடக்கு!"

அந்த மைதானத்தில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய சத்தம் போட்டிருக்கமாட்டார்கள். பலகை பிடித்த தொண்டர் மறுபடியும் என்னை நோக்கி ஓடிவந்தார். அவருக்கு முன்னால் என் தம்பி ஓடிவந்தான். 'அ'வைப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கிருந்து அடித்த இரண்டாவது அடி பாதி தூரம்தான் போனது. மூன்றாவதைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டான். நாலாவதை அவன் தட்டும்போது நான் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். குழியைச் சுற்றி நின்றவர்கள் கை தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதேன்.

எல்லாம் முடிந்து, அடிக் கணக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் மரத்தடிக்கு வந்தான். பையைச் சாத்தி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்காலில் சேறு காய்ந்திருந்தது.

"நீ கத்தலன்னா நான் நாளைக்கு ஒங்கூட வந்திருப்பேன்க்கா."

"தெரியும்லே."

"பொறவு ஏன் கத்துன?"

"நீ தேடிக்கிட்டு இருந்தியேலே" என்றேன். அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் வெட்கத்தை விட்டு மாமியார் சொன்னதைக் கேட்டேன். அவன் எழுந்து பையில் தொங்கிக்கொண்டிருந்த துண்டை அவிழ்த்தான். மட்டை துடைக்க, பந்து துடைக்க, முகம் துடைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு துண்டுதான் நாடு நாடாக அவனோடு போய் வந்திருக்கிறது. அங்கங்கே பச்சைக் கறை. "தொவைச்சுத் தாரேன் அக்கா" என்று ரவி கையை நீட்டினார். வேண்டாம் என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பத்திரமாகக் கொண்டுவந்த துண்டை, சனிக்கிழமை ராத்திரி வீடு வந்து நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மாமியார் சோப்புப் போட்டு அலசி மாடியில் காயப்போட்டுவிட்டார். "சாமி காரியத்துக்கு அழுக்குத் துணியா?" என்கிறார். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்லை. புல் வாசனை போய்விட்டது, நல்லவேளை கறை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மடியில் அதை விரித்து, கனியை அதன்மேல் உட்காரவைத்தோம். மாமன் எங்கே என்று கேட்டாள். நீ அவன் மடியிலதாம்ளா இருக்க என்றேன். துண்டைக் குனிந்து பார்த்தாள், நம்பவில்லை, ஊசியைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டு அலறினாள். மற்றவர்கள்தான் குலவை போட்டார்கள். நான் கனியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்வம் அந்த நேரம் ஆடிக்கொண்டிருந்தான். போனை அணைத்து வைத்திருப்பான். பிறகு வந்த வாரங்களில் இழுத்துப் பறித்து, தொடரில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டான். ஆகவே அடுத்த வருடமும் அவன் வரமாட்டான்.

சனிக்கிழமை காலையில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. விமானம் மத்தியானம்தான். செல்வம் விடியும் முன்பே மைதானத்துக்குப் போய்விட்டான். மறுபடி அங்கே போய் நின்றால் அவன் கை நடுங்கும். எனக்கோ அவனைப் பார்க்காமல் கிளம்ப மனம் இல்லை. பவானி அக்காவிடம் சொன்னேன். "கோல்ஃப் காணிக்குள்ளால போற கோச்சியில ஏறுங்கோவன். ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி ஆட்டோ பிடிச்சு வாங்கோ" என்றார். புத்திசாலி மனுஷி.

ஆடி ஆடிப் போகிற ரயில் அது. ஜன்னலோரம் கிடைத்தது. துண்டு என் கைப்பையில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுவர் முடிந்து திடீரென்று பச்சை வந்தது. அவன் அங்கே நிற்பான் என்று எனக்கு எந்த நிச்சயமும் இல்லை. ஆனால் நின்றான். தண்டவாளத்தை ஒட்டி, ரயில் போகட்டும் என்று மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இரண்டு வேறு நாட்டுக்காரர்களோடு நின்றான். கையில் பந்து இருந்தது. துடைப்பதற்கு இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனான், துண்டு இல்லை, பந்தைத் தன் பேண்ட்டிலேயே தேய்த்துக்கொண்டான்.

ரயில் போகும்வரை ஒருவரும் அடிக்க முடியாது. ரயிலில் இருக்கிறவளை வாயை மூடச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையை வாயருகில் வைத்து, வியாழக்கிழமை அதிகாரி வந்து மிரட்டிய பிறகு விழுங்கினதையும் வெள்ளிக்கிழமை துணியால் அடைத்ததையும் சேர்த்து, மூச்சு உள்ளமட்டும் குலவை போட்டேன். எதிரே இருந்த சிங்களத்து அம்மாள் பயந்துபோய்ப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

செல்வம் வெடுக்கென்று நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ரயிலின் சத்தத்தில் குரல் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஜன்னல் ஜன்னலாகத் தேடினான். பிறகு தொப்பியைக் கழற்றி, எனக்குப் பின்னால் இரண்டு பெட்டி தள்ளி, எந்த ஜன்னலையோ பார்த்துப் பலமாக வீசி வீசிக் காட்டினான். நான் கத்தினேன், அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் யாரோ அவனுக்குத் திரும்பக் கை காட்டியிருப்பார்கள் போலிருக்கிறது; ரயில் வளைந்து மறைகிறவரை அவன் காட்டிக்கொண்டே இருந்தான்.